உழாத கரடிக்கு வந்த மானியம்

மலையடிவாரக் காட்டில் ஊசிமுடி என்ற முள்ளம்பன்றி தன் குட்டிகளோடு வாழ்ந்துவந்தது. குளக்கரையில் அது கிழங்கு பயிரிட்டது. நிலம் கரடியுடையது, பாடெல்லாம் ஊசிமுடியுடையது. கரடி மலையுச்சியில் தேன் குடித்துக்கொண்டு கிடக்கும். தோட்டத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. விளைச்சலில் பாதி மட்டும் தவறாமல் அதன் குகைக்குப் போய்விடும்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. குளம் வற்றி வெடித்தது. கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே சுருங்கிப்போயின.

சேதி கேட்டுப் புலி ராஜா பதறினார். "பயிர் செய்கிறவர்கள் வாடக் கூடாது! நிலமுள்ள எல்லோருக்கும் விதைக்கிழங்கு மானியம் கொடுங்கள்!" என்று உத்தரவு போட்டார்.

ஊசிமுடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "விதை வாங்கி வருகிறேன் கண்ணுகளா! மழை விழுந்ததும் நட்டுவிடலாம்!" என்று குட்டிகளிடம் சொல்லிவிட்டு ஓடியது.

ஆலமரத்தடியில் கீரி அதிகாரி கிழங்கைக் குவித்து வைத்திருந்தது.

"எந்தத் தோட்டம்?"

"குளக்கரைத் தோட்டம், ஐயா!"

"அது கரடியாருடையதாயிற்றே!"

"நிலம்தான் அவருடையது. தோண்டுவது, நடுவது, காவல் காப்பது எல்லாம் நான். என் நகத்தைப் பாருங்கள்!"

கீரி பார்த்தது. நகங்கள் அடிவரை தேய்ந்திருந்தன. அதற்கும் பாவமாகத்தான் இருந்தது. "நான் என்னம்மா செய்வேன்? நிலத்துக்காரருக்குக் கொடுக்கத்தான் உத்தரவு. கரடியார் பங்கு காலையிலேயே குகைக்குப் போய்விட்டது. நகத்தைப் பார்த்துக் கொடுக்கச் சொல்லவில்லையே!" என்றது.

ஊசிமுடி மூச்சிரைக்க மலையேறியது. குகை வாசலில் கரடி வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"ஐயா, நம் தோட்டத்துக்கு வந்த விதை..."

"விதையா? நல்ல இனிப்பு! சுட்டுத் தின்றுவிட்டேன்!"

"அப்படியானால் நான் எதை நடுவேன், ஐயா?"

"அது உன் பாடு! ஒன்று கேட்டுக்கொள். ராஜாவே மானியம் கொடுக்கும் நிலம் அது. பாதி விளைச்சல் எனக்குக் கட்டுப்படியாகாது. இனி எனக்கு முக்கால் பங்கு! பிடிக்காவிட்டால் காலி செய். நிலம் சும்மா கிடந்தாலும் எனக்கு மானியம் வரும்!"

ஊசிமுடி வெறுங்கையோடு இறங்கி வந்தது. குட்டிகள் ஓடிவந்து அதன் கையைத்தான் பார்த்தன. கடைக்குட்டி மட்டும் எழுந்து வரவில்லை. பசியில் சுருண்டு படுத்த அது மறுநாள் கண் திறக்கவேயில்லை. குளக்கரையில் ஒரு குழி தோண்டி ஊசிமுடி அதைப் புதைத்தது.

பிறகு மழை வந்தது. கொட்டோ கொட்டென்று கொட்டியது. நடுவதற்கு ஒரு துண்டுக் கிழங்குகூட இல்லாமல் ஊசிமுடி அந்த மழையில் நனைந்தபடி நின்றது. மழை விட்டதும் மிச்சமிருந்த குட்டிகளைக் கூட்டிக்கொண்டு காட்டைவிட்டே போய்விட்டது.

தோட்டத்தில் முள் மண்டியது. கிழங்கு கேட்டு வந்த முயல்களும் எலிகளும் வெறும் வயிற்றோடு திரும்பின.

"மானியம் கொடுத்தோமே, கிழங்கு எங்கே?" என்று ராஜா கேட்டார்.

"நிலத்துக்காரரிடம் குறைவில்லாமல் சேர்த்துவிட்டோம், மகாராஜா!" என்றது கீரி.

ராஜாவுக்குத் திருப்தி. அடுத்த வருஷமும் கரடிக்கே மானியம் போனது. முள்ளம்பன்றி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

பாடுபடுகிறவரைத் தேடிப் போகாமல் சொந்தக்காரரிடம் மட்டும் போய்ச் சேரும் உதவி, யாருடைய பசியையும் தீர்க்காது.