காது கேட்கும் பிள்ளை

ஐயம்பெருமாள் செங்கோட்டையில் தையல் கடை வைத்திருந்தார். வீட்டின் முன்னறைதான் கடை. பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் இசக்கிராஜா ஒன்பதாம் வகுப்பு படித்தான். இளையவள் பொன்மணிக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மெய்யம்மையைப் பார்க்கப் போனார். மலையடிவாரத்தில் தியானம் சொல்லித்தரும் மெய்யம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் குரு குருதான். தைத்த துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

“பையன் ஹாஸ்டல்ல சேத்துவிடச் சொல்லுதாம்மா.”

“ஏனாம்?”

“எது கேட்டாலும் ‘ஒண்ணுமில்ல’ம்பான். வாடகைக்கு வந்தவன் மாதிரி வீட்டுக்குள்ள நடமாடுதான். அவன் என்கிட்ட ஒட்டுற மாதிரி ஒரு தியானம் சொல்லிக்குடுங்க.”

“பொண்ணு?”

அவர் முகம் மலர்ந்தது. “அவ என் உசுருல்லா. பள்ளிக்கூடத்துல நடந்தது ஒண்ணு விடாம சொல்லிருவா.”

“அவகிட்ட எப்படிப் பேசுவீங்க? காட்டுங்க.”

கூச்சத்தோடு சிரித்தார். மூட்டையைத் தரையில் வைத்தார். நன்றாகத் திரும்பி மெய்யம்மையின் முகத்தைப் பார்த்தார். இரண்டு கைகளும் அசைந்தன.

“என்ன சொன்னீங்க?”

“‘சாப்பிட்டியா’ன்னு கேட்டேன்.”

“பையன்கிட்ட எப்படிக் கேப்பீங்க?”

மூட்டையை மறுபடி மடியில் எடுத்து வைத்தார். தளர்ந்திருந்த முடிச்சை இறுக்கிக்கொண்டே, “ஏலே, சாப்பிட்டியா?” என்றார்.

பாதி முடிச்சில் கை நின்றது.

மெய்யம்மை சொன்னார்: “ஒரு வாரத்துக்கு, அவனுக்கும் காது கேக்காதுன்னு வச்சுக்கோங்க.”

திங்கட்கிழமை சாயங்காலம் பையன் பள்ளிவிட்டு வந்து, “அப்பா, நோட்டு வாங்கணும்” என்றான். ஐயம்பெருமாள் கத்தரியைக் கீழே வைத்தார். வாயில் கடித்திருந்த குண்டூசிகளை எடுத்தார். ஸ்டூலைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தார்.

பையன் பயந்துவிட்டான். “என்னாச்சுப்பா?”

“நீ சொல்லு.”

“சொல்லிட்டேன்லா.” உள்ளே போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். புதன்கிழமை ஒரு அம்மாள் கல்யாண ஜாக்கெட்டுக்காக வாசலில் நின்றார். பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். “அஞ்சு நிமிஷம் பொறுங்கம்மா” என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு ஐயம்பெருமாள் மகன் பக்கம் திரும்பினார். அவன் அன்று கொஞ்சம் கூடுதலாக நின்றான்.

வியாழக்கிழமை அவனாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“போர்டுல எழுதுறது தெரிய மாட்டேங்குப்பா.”

“எத்தன நாளாலே?”

“காலாண்டுப் பரீட்சையிலேருந்து. மூணு தடவ உங்ககிட்ட சொன்னேன். மூணு தடவையும் ‘சரிலே’ன்னீங்க.”

யோசித்துப் பார்த்தார். மூன்றில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

“தங்கச்சிக்குக் காது மாதிரி எனக்குக் கண்ணாப்பா? ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு நீங்க என்ன செய்வீங்க? அதான் ஹாஸ்டலுக்குப் போறேன்னேன்.”

பையனை இழுத்து அணைத்துக்கொண்டார். விட வெகுநேரமாயிற்று.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அவனைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். பயப்பட ஒன்றுமில்லை, கண்ணாடி போட்டால் போதும் என்றார் டாக்டர். சனிக்கிழமை கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு திரும்பிய வழியெல்லாம் பையன் கடைப் பலகைகளையும் பஸ் பலகைகளையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தான். ஐயம்பெருமாள் ஒவ்வொன்றையும் நின்று பார்த்துத் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மெய்யம்மையிடம் எல்லாவற்றையும் சொன்னார். “ஹாஸ்டல் பேச்சே இப்ப இல்லம்மா.” பிறகு தயங்கினார். “ஆனா ஒரு தப்பு நடந்துபோச்சு. தெனம் சாயங்காலம் தியானத்துக்குக் கண்ண மூடி உக்காருவேன்லா? இந்த வாரம் ஒரு நாளும் உக்காரல. அந்த நேரத்துலதான் அவன் வந்து பேசுதான்.”

“அவன் பேசுறப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“வேற எங்க? அவன் முன்னாலதான்.”

“மனசு?”

“அதுவும் அங்கதாம்மா.”

“அப்ப எந்த நாள் தவறுச்சு?” என்றார் மெய்யம்மை.