ராஜாவுக்காகப் பல் துலக்கியவர்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் தேன்பாறை என்கிற நாட்டை மகுடேந்திரன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் எந்த வேலையையும் அவனாகச் செய்யமாட்டான். அரண்மனை வழக்கம் அப்படி. குடை பிடிக்க ஓர் ஆள், செருப்பு மாட்டிவிட ஓர் ஆள், பல் துலக்க ஓர் ஆள்.

ராஜா வாயை யாரும் தொடக்கூடாது. அதனால் சிங்காரநாதர் என்கிற அதிகாரி காலையில் ஒரு தடவை, படுக்கப்போகும் முன் ஒரு தடவை, ராஜா பேரைச் சொல்லித் தன் பல்லையே துலக்கிக்கொள்வார். உடனே "அரசர் பல் துலக்கியாயிற்று" என்று முரசு அடிப்பார்கள். மூன்று தலைமுறையாக இதே கூத்து. ஒருத்தருக்கும் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒரு நாள் ராஜாவுக்கு இடது கடைவாய்ப் பல் வலித்தது. கன்னம் பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. அல்வாவைக் கடித்தால் சுரீர் என்றது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் மண்டை வரை இழுத்தது, ஈறில் ரத்தம் கசிந்தது. ராஜாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவனைப் பொறுத்தவரை ஒரு நாள்கூட அவன் பல் துலக்காமல் இருந்ததில்லை. முரசுச் சத்தத்தைத் தன் காதாலேயே கேட்டிருக்கிறான். அப்புறம் எப்படிச் சொத்தை விழும்?

சிங்காரநாதர் பழியைத் தூக்கிப் பல் துலக்கும் குச்சி மேல் போட்டார். அரண்மனைக்கு வேப்பங்குச்சி கொடுப்பவள் வேலாத்தாள், சந்தை வாசலில் கடை போட்டிருப்பவள். ஊரில் யாருக்குப் பல் வலித்தாலும் அதிகாரியை விட்டுவிட்டு அவளிடம்தான் யோசனை கேட்பார்கள். அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு. அவள் குச்சியில் மந்திரம் வைத்துவிட்டாள், நாடு கடத்துங்கள் என்றார். ராஜா சரி என்றான். பிறகு விசாரிக்கலாமே என்றான். பல் விண்ணென்று தெறித்ததும் மறுபடி சரி என்றான். பொழுது சாய்வதற்குள் வேலாத்தாள் தன் நாலு பிள்ளைகளோடு எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும்.

சபைக்கு இழுத்து வந்தபோது அவள் அழவில்லை. போகும் முன் அந்தப் பல்லை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டாள். சபையே முணுமுணுத்தது. வலி தாங்காத ராஜா தானாகவே வாயைத் திறந்தான். தள்ளி நின்றே அவள் எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கடைவாய்ப் பல்லு போயிருச்சுங்க சாமி. பிடுங்கித்தான் ஆகணும். விட்டா சீழ் பரவிரும்."

சபையில் இருந்த அரண்மனை வைத்தியரும் ஆமாம் என்று தலையாட்டினார். ராஜாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க எதுக்குப் பயப்படறீங்க?" என்றாள் வேலாத்தாள். "உங்களுக்காகத் துலக்குறது இந்த அய்யாதானே. பிடுங்குறதையும் அவருக்கே பிடுங்கிரலாம்."

ராஜாவுக்கு உயிரே திரும்பி வந்தது. வழக்கப்படி பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. வைத்தியர் பல் பிடுங்கும் குறடை எடுத்தார். சிங்காரநாதர் வாயைப் பொத்திக்கொண்டு தூண் வரைக்கும் பின்வாங்கினார்.

"அரசே, என் பல் நல்ல பல். என் பல்லைப் பிடுங்கினால் உங்கள் வலி எப்படிப் போகும்?"



ராஜா அவரைப் பார்த்தான், குறடைப் பார்த்தான், கன்னத்தைத் தடவிப் பார்த்தான். முன்னைவிடக் குழம்பிப்போனான். மெதுவாகக் கேட்டான்:

"அப்படியென்றால், உம் பல்லைத் துலக்கினால் என் பல் எப்படிச் சுத்தமாகும்?"

 ராஜா சிங்காரநாதரை வாய் திறக்கச் சொன்னான். முப்பத்திரண்டும் முத்து மாதிரி இருந்தன. எல்லாம் வேலாத்தாளின் குச்சி செய்த வேலை. பழி சொன்ன வாயே சாட்சியும் சொல்லிவிட்டது. நாடு கடத்தும் உத்தரவு அங்கேயே ரத்தாயிற்று.

ராஜாவின் பல்லை வைத்தியர் பிடுங்கினார். அரண்மனைப் புறாக்கள் பறக்கிற அளவுக்கு ராஜா கத்தினான். மிச்சப் பல்லாவது மிஞ்ச என்ன வழி என்று வேலாத்தாளைக் கேட்டான். உங்கள் பல்லை நீங்களே காலையிலும் படுக்கும் முன்னும் துலக்குங்கள், இனிப்பைக் குறையுங்கள், தின்றால் வாய் கொப்பளியுங்கள் என்றாள். முதலில் ஈறில் ரத்தம் வந்தால் பயந்து நிறுத்திவிடாமல் மெதுவாகத் தேய்க்க வேண்டுமாம். பத்து நாளில் நிற்காவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டுமாம். இவ்வளவுதானா என்று ராஜா திரும்பத் திரும்பக் கேட்டான். மறுநாள் குச்சியின் எந்த முனையைக் கடிப்பது என்று தெரியாமல் அதையும் ஆள் அனுப்பிக் கேட்டான்.

சிங்காரநாதருக்குத் தண்டனை? அதுவும் வழக்கப்படிதான். ஒரு மாதத்துக்குச் சிங்காரநாதரின் அரண்மனைச் சாப்பாட்டை அவருக்காக வேலாத்தாளும் பிள்ளைகளும் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் முரசு அடிப்பார்கள்.

இரண்டாம் நாளே சிங்காரநாதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து பசிக்கிறது என்றார்.

வாயிலிருந்த குச்சியை எடுத்துவிட்டு ராஜா அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"எப்படிப் பசிக்கும்? இப்போதுதானே நீர் சாப்பிட்டதற்கு முரசு அடித்தார்கள். நான் என் காதாலேயே கேட்டேன்."