எதிரே நின்று சொல்லும் வசனம்

"ரபி, ஆண்டவர் சபித்த ஊருக்கு நாம தண்ணீர் கொடுக்கலாமா?"

யாயீர் வாசலில் நின்றபடியே கேட்டார்.

அவருடைய குரு ரபி பெதாயா முற்றத்தில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சீடரைவிடக் குரு வயதில் இளையவர். ரிம்மா ஊரில் அதைச் சொல்லிக் கேலி செய்யாதவர்கள் இல்லை. இருவருக்கும் அது உறைத்ததும் இல்லை.

"முதல்ல உட்காரும். வெயில்ல வந்திருக்கீர்."

"உட்கார வரல, ரபி. பதில் வேணும்."

"உட்கார்ந்தா பதில் ஓடியா போயிடும்?"

யாயீர் உட்கார்ந்தார்.

அவர் ரிம்மா ஜெப ஆலயத்தின் மொழிபெயர்ப்பாளர். வேதச் சுருளை எபிரேயத்தில்தான் வாசிப்பார்கள். வயலிலும் சந்தையிலும் உழல்கிற சனங்களுக்கு அரமேயம்தான் தெரியும். அதனால் ஒருவர் வாசிக்க, பக்கத்தில் நிற்கும் இன்னொருவர் அதைச் சனங்களின் பேச்சில் விளக்கிச் சொல்வார். அப்படிச் சொல்பவர் சுருளைப் பார்க்கக் கூடாது என்பது முறை. பார்த்துவிட்டால், அவர் தன் வாயால் சொல்வதும் சுருளிலேயே எழுதியிருக்கிறது என்று சனம் நம்பிவிடுமாம்.

யாயீர் ஒருநாளும் சுருளைப் பார்த்ததில்லை. ஆனாலும் சனம் அப்படித்தான் நம்பியது.

"எந்த ஊர்?" என்றார் ரபி.

"கீழே இருக்கிற ஆத்ராதான். வேற எது?"

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. ஆத்ராவின் கிணறுகள் வற்றிப்போயின. ரிம்மாவில் பாறையைக் குடைந்து செய்த பெரிய தொட்டி இருந்தது, அதில் தண்ணீரும் இருந்தது. எங்களுக்கும் மொண்டுகொள்ள விடுங்கள் என்று ஆத்ராக்காரர்கள் ஆள் அனுப்பியிருந்தார்கள். மூப்பர்கள் உடனே பதில் சொல்லவில்லை. வருகிற ஓய்வுநாளில் வாசிக்க வேண்டியது தீர்க்கதரிசியின் சாபப் பகுதி. யாயீர் அதற்கு என்ன விளக்கம் சொல்கிறாரோ, அதைக் கேட்டு முடிவு செய்யலாம் என்றார்கள்.

"விளக்கத்தைச் சொல்லும்," என்றார் ரபி.

யாயீர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பள்ளத்தாக்கில் குடியிருக்கிற பட்டணமே, உன் மதிலை நம்பிப் பெருமை பேசினாய். உன் கிணறுகள் வற்றும். உன் வாசலில் நரி உலாவும். இதுதான் வசனம். ஆத்ரா பள்ளத்தாக்குல இருக்கு. போன வருஷம் புது மதில் கட்டினாங்க. விருந்து வச்சாங்க, நம்மள ஒருத்தரையும் கூப்பிடல. பெருமை! இப்போ கிணறு வத்திடுச்சு."

"நரி?"

"நரியும் வந்திருக்கு. என் மைத்துனன் ரெண்டு கண்ணாலயும் பார்த்திருக்கான்."

"உம்ம மைத்துனர் போன மாசம் வானத்துல ஒட்டகம்கூடப் பார்த்தாரே?"

"ரபி, விளையாட்டு வேண்டாம்." யாயீர் கண்ணைத் திறந்தார். "என் தங்கச்சி மில்க்காளை அந்த ஊர்லதான் கட்டிக் கொடுத்திருக்கு. அது உங்களுக்கே தெரியும். எனக்கு நெஞ்சு அறுக்குது. ஆனா ரத்தப் பாசத்துக்காக வசனத்தை வளைக்க முடியுமா? நான் சொல்றது தப்புன்னா தப்புன்னு சொல்லிடுங்க, நிம்மதியா வீட்டுக்குப் போறேன்."

ரபி ஒரு கல்லை எடுத்துச் சுண்டி எறிந்தார்.

"விளக்கத்துல ஒரு ஓட்டைகூட இல்லை."

யாயீருக்குப் பெருமையாகவும் இருந்தது, ஓர் ஓட்டையாவது இருந்திருக்கக் கூடாதா என்றும் இருந்தது.

"ஓய்வுநாள்ல இதை எங்கே நின்னு சொல்லப் போறீர்?"

"நம்ம ஆலயத்துலதான்."

"அந்தத் தீர்க்கதரிசி எங்கே நின்னு சொன்னார்?"

"பட்டணத்து வாசல்ல. சந்தை கூடுற இடத்துல."

"எந்தப் பட்டணத்து வாசல்ல?"

சுருள் முழுவதும் யாயீருக்கு மனப்பாடம். அந்த மனிதர் சபித்த ஊருக்குள்ளேயே போய் நின்று, அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லி, கல்லடி பட்டும் நகராமல் நின்றதும் மனப்பாடம்.

"ஆத்ராவிலும் இந்த வாரம் அதே பகுதிதான்," என்றார் ரபி. "அவங்க மொழிபெயர்ப்பாளர் காய்ச்சல்ல படுத்திருக்கார். ஆள் கேட்டு அனுப்பியிருக்காங்க. நீர் அங்கே போம். இங்கே நான் நிக்கறேன்."

"அங்கே போய் இதை எப்படிச் சொல்றது?"

"இங்கே எப்படிச் சொல்லியிருப்பீரோ, அப்படியே."

ஓய்வுநாள் தொடங்குமுன் யாயீர் மலையிறங்கி ஆத்ராவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

மில்க்காள் அண்ணனைக் கண்டதும் அடுப்பை விட்டு ஓடிவந்தாள். தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பம் பிட்கும் முன் கை கழுவ வேண்டுமே, அதற்காகச் சாடிக்குள் அகப்பையை விட்டாள். அகப்பை அடி மண்ணைச் சுரண்டிக்கொண்டு வந்தது. அந்தத் தண்ணீரை அவர் கைமேல் ஊற்றினாள்.

யாயீர் அந்தக் கலங்கலைப் பார்த்துக்கொண்டே கை கழுவினார்.

"நாளைக்கு நீங்கதான் நிக்கப் போறீங்களாமே," என்றாள். "நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்கண்ணே. சனம் பயந்து கிடக்கு."

மறுநாள் காலை ஜெப ஆலயத்தில் நிற்க இடமில்லை. வாசகர் சுருளை விரித்து, சாபப் பகுதியை எபிரேயத்தில் வாசித்தார். ஒருவருக்கும் புரியவில்லை. வாசித்து முடித்ததும் அத்தனை பேரும் யாயீரின் வாயைப் பார்த்தார்கள்.

ரிம்மாவிலும் அவர் வாயைப் பார்ப்பார்கள்தான். ஆனால் அங்கே உதடு வெடித்தவர்கள் இல்லை.

பள்ளத்தாக்கைச் சொன்னார். மதிலைச் சொன்னார். கிணற்றைச் சொன்னார். நரியைச் சொல்லும்போது குரல் தேய்ந்துவிட்டது. இதுதான் அது, இந்த ஊர்தான் அது என்ற விளக்கம் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. கூட்டம் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தது.

கல் விழப்போகிறது என்று யாயீர் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

முன்வரிசையில் ஒரு தோல் பதனிடுகிறவன் எழுந்தான். பெயர் சாபாத். கட்டுமஸ்தான ஆள். மதில் விருந்துக்கு ரிம்மாக்காரர்களைக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னவனே அவன்தான் என்று ஊரில் பேச்சு.

"ஐயா," என்றான், "நாங்க என்ன செய்யணும்?"

"என்ன?"

"தீர்க்கதரிசி மெனக்கெட்டு வந்து இதைச் சொல்லியிருக்காரே. சும்மா சொல்லியிருக்க மாட்டார். நாங்க என்ன செய்யணும்னு சொல்றார்?"

யாயீர் தன் விளக்கம் முழுவதையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். ஓட்டை இல்லாத அந்த விளக்கத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

"எனக்குத் தெரியல," என்றார்.

"பரவாயில்லை ஐயா. தெரிஞ்சதும் சொல்லி அனுப்புங்க. செஞ்சிடறோம்."

சாபாத் உட்கார்ந்தான்.

ஓய்வுநாள் கழிந்த மறுநாள் விடியலில் அவர் மலையேறினார். நேராக ரபியின் வீட்டுக்குப் போனார். இந்த முறை யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார்.

"கல்லெறிஞ்சாங்களா?" என்றார் ரபி.

"எறிஞ்சிருந்தா தேவலை."

"என்ன கேட்டாங்க?"

"நாங்க என்ன செய்யணும்னு கேட்டாங்க."

"நம்ம ஊர்ல என்ன கேட்டாங்க தெரியுமா? நான் வசனத்தை மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்துட்டேன். அது யாரைப் பத்தினது, அது யாரைப் பத்தினதுன்னு வாசல்வரைக்கும் விடல."

"அங்கே ஒருத்தரும் அதைக் கேட்கல, ரபி."

"நீர் என்ன பதில் சொன்னீர்?"

"தெரியலன்னு சொன்னேன்."

ரபி முதன்முறையாகச் சிரித்தார்.

"இத்தனை வருஷத்துல நேத்துத்தான் சரியா மொழிபெயர்த்திருக்கீர்."

யாயீர் எழுந்தார். எங்கே போகிறார் என்று ரபி கேட்கவில்லை.

தொட்டியின் வாய்க்கு ஒரு வட்டக்கல் மூடி. கனமானது, அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மூப்பர் ஹனான் அதன்மேல் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். பின்னால் பாதி ஊர் நின்றது. யாயீர் தொட்டிக்கு வருகிற தகவல் எப்படிப் பரவியது என்று கேட்காதீர்கள், ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

யாயீர் குனிந்து மூடியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"நில்லும்," என்றார் ஹனான். "ஊரே உம்ம விளக்கத்துக்காகக் காத்துக்கிட்டிருக்கு. ஆத்ராதானா அது, இல்லையா?"

"ஆத்ராதான்."

"அப்புறம் ஏன் மூடியில கை வைக்கிறீர்?"

"தாகமா இருக்காங்க."

"யோசிச்சுத்தான் பேசறீரா? நாம தண்ணீர் கொடுத்து, அந்த ஊர் அழியாம பிழைச்சுக்கிட்டா, தீர்க்கதரிசி பொய்யராயிடுவாரே!"

கூட்டம் சரி சரி என்று தலையாட்டியது.

யாயீர் மூடியை விடவில்லை.

"பொய்யராகட்டும்," என்றார். "கல்லடி பட்டும் அவர் அந்த வாசலை விட்டு நகரலையே. ஊர் அழியட்டும்னு நினைச்சவர் அங்கே எதுக்கு நிக்கணும்?"

ஹனான் மூடியிலிருந்து கையை எடுத்தார். பின்னால் நின்ற ஊரைத் திரும்பிப் பார்த்தார். இப்போது ஒரு தலையும் ஆடவில்லை.

பிறகு முணுமுணுத்துக்கொண்டே குனிந்து, மூடியின் மறுபக்கத்தைப் பிடித்தார்.