கன்னத்தில் ஒரு வெள்ளைப் பட்டை

“டீச்சர், எந்த ஃபில்டரைப் போட்டாலும் அந்தப் புள்ளை கன்னத்துல வெள்ளையா ஒரு பட்டை விழுது. நான் என்ன செய்ய?”

கேட்டவர் தங்கப்பழம். வயது ஐம்பத்து நான்கு. முப்பது வருடமாகக் கல்யாணப் போட்டோ எடுப்பவர். வீடியோ கற்றுக்கொள்ள ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது.

கேட்டது இசக்கியம்மாளிடம். வயது இருபத்தாறு. தூத்துக்குடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேமரா வகுப்பு எடுக்கிறாள்.

அவள் கேமராவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உங்க காதுகுத்துல நீங்க அழுததைப் படம் புடிச்சவன் நான். இன்னைக்கு என்னைய அழ வைக்கிய.”

“நல்லா அழுதேனா அண்ணாச்சி?”

“ஊரே திரும்பிப் பாத்துச்சு.”

ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி. திறந்த தாழ்வாரம். பக்கவாட்டில் பிற்பகல் வெயில். கேமராவுக்கு எதிரே நாற்காலியில் ரூபி உட்கார்ந்திருந்தாள். அவள் கல்யாணத்துக்கும் தங்கப்பழம்தான் போட்டோ.

நாளைக் காலை அவளுக்கு இதயத்தில் ஆபரேஷன். வீட்டில் நாலு மாதப் பெண் குழந்தை. அதை இங்கே கொண்டுவர விடவில்லை.

“எனக்கு ஏதாவது ஆயிட்டா, எம்புள்ளைக்கு என் முகம் தெரியணும் அண்ணாச்சி. நான் அதுகிட்ட பேசுனது கேக்கணும்.” ரூபி கேட்டது அவ்வளவுதான்.

நான்கு மணிக்கு நர்ஸ் வந்து உள்ளே கூட்டிப்போய்விடுவார். அதன்பிறகு யாரையும் பார்க்க முடியாது.

மணி மூன்று இருபது.

கேமராவின் முகத்தில் புது மேட் பாக்ஸ். வெயில் நேராக லென்ஸில் அடிக்காமல் மறைக்கிற கறுப்புப் பெட்டி. அதற்குள் ஃபில்டர் கண்ணாடிகளைச் சொருகிக்கொள்ளலாம். கடையில் இருந்ததிலேயே பெரியதாகப் பார்த்து வாங்கியிருந்தார் தங்கப்பழம். லென்ஸ் அதற்குச் சின்னது. பெட்டியின் பின்பக்கம், லென்ஸைச் சுற்றி, இரண்டு விரல் போகிற இடைவெளி.

“வெயில் கூடுதல்னு கறுப்புக் கண்ணாடி போட்டேன். பட்டை விழுது. பளபளப்பைக் குறைக்கிற கண்ணாடி போட்டேன். விழுது. முகத்தை மெத்துன்னு காட்டுற கண்ணாடி, உள்ளதுலயே விலை கூடுனது, அதையும் போட்டாச்சு.”

“கண்ணாடியே இல்லாம?”

“இந்த வெயில்ல முகமே வெளுத்துப் போவுது. கண்ணும் மூக்கும் எங்கன்னு தேடணும்.”

“சரி, எடுங்க.”

தங்கப்பழம் கேமராவுக்குப் பின்னால் போனார்.

“ரூபி, நாடியைக் கொஞ்சம் தூக்கு. இங்க பாரு, என்னையப் பாரு. சிரிச்ச முகமா... ஆங். பேசு.”

ரூபி அவரைப் பார்த்தாள்.

“பாப்பா, நீ நல்லாப் படிக்கணும். பெரியவங்க சொல்படி நடக்கணும். தினமும் ஜெபம் சொல்லணும்.”

நிறுத்தினாள்.

“நானா பேசுதேன்? எங்க கான்வென்ட் ஸ்கூல் மதர்ல்லா பேசுது.”

“நல்லாத்தான இருக்கு.”

“நீங்க நின்னு பாத்துக்கிட்டே இருக்கிய. எனக்கு உங்ககிட்ட ஒப்பிக்கிற மாதிரி வருது.”

கேமராவின் சின்னத் திரையில் ரூபியின் இடது கன்னம் இல்லை. அங்கே வெள்ளையாக, புகைபோல ஏதோ படிந்திருந்தது.

மணி மூன்று முப்பத்தைந்து.

தங்கப்பழம் கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடியை உருவினார். துடைத்தார். வேறொன்றைச் சொருகினார். பட்டை அப்படியே இருந்தது.

“டீச்சர், ஏதாவது சொல்லுங்க. இதுல போய் பாடம் நடத்தாதிய. அந்தப் புள்ளைக்கு இதுதான் நேரம்.”

“அந்தச் சேர்ல போய் உக்காருங்க.”

“நானா?”

“நீங்கதான்.”

ரூபியைப் பிடித்துப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள் இசக்கி. தங்கப்பழம் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இசக்கி திரையை அவர் பக்கமாகத் திருப்பிவிட்டுக் கேமராவை விட்டு நான்கு எட்டுத் தள்ளி நின்றாள். கேமராவுக்குப் பின்னால் யாரும் இல்லை.

தங்கப்பழம் திரையைப் பார்த்தார்.

அவர் முகம் தெரிந்தது. சவரம் செய்யாத நாடி, மூக்கோரத்து மரு, நெற்றியில் வழிந்த வேர்வை, எல்லாம் தெரிந்தது.

“பட்டை எங்க போச்சு?”

இசக்கி தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க ஏதும் செஞ்சியளா?”

“நான் தொடவே இல்ல.”

அவர் எழுந்து மறுபடி கேமராவுக்குப் பின்னால் வந்தார். ரூபி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டை வந்துவிட்டது.

அவர் ஒரு பக்கம் சாய்ந்தார். பட்டை நகர்ந்தது.

நிமிர்ந்தார். பட்டை திரும்ப வந்தது.

குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அதன் மேல் முழு வெயில். பிறகு லென்ஸைச் சுற்றியிருந்த இடைவெளியைப் பார்த்தார். அதன் வழியே, ஃபில்டர் கண்ணாடியின் பின்புறத்தில், சின்னதாக ஒரு வெள்ளைச் சட்டையின் பிம்பம்.

“நாந்தானா?” என்றார்.

இசக்கி தன் கறுப்புத் துப்பட்டாவைக் கழற்றி நீட்டினாள்.

அவர் அதை வாங்கினார். மேட் பாக்ஸின் பின்பக்கத்திலிருந்து தன் தலை, தோள், சட்டை எல்லாம் மறைகிற மாதிரி போர்த்திக்கொண்டார். உள்ளே இருட்டு. திரையில் ஒரு பெண்ணின் முகம். இரண்டு கன்னமும் இருந்தன.

“டீச்சர்,” என்றார் துணிக்குள்ளிருந்து. “நீங்க நல்லா இருக்கணும்.”

“அண்ணாச்சி, உங்க சத்தமும் விழும்.”

அவர் வாயை மூடிக்கொண்டார். நாடியைத் தூக்கச் சொல்லவில்லை. சிரிக்கவும் சொல்லவில்லை.

ரூபி எதிரே பார்த்தாள். அங்கே முகம் ஒன்றும் இல்லை. தாழ்வாரத்தின் கோடியில் நர்ஸ் வந்துவிட்டார். இசக்கி கும்பிடுகிற மாதிரி கையைக் காட்டினாள். நர்ஸ் அங்கேயே நின்றார்.

“ஏட்டி,” என்றாள் ரூபி.

“கறுப்புத் துணிதான் தெரியுது. அதுக்குப் பின்னால நீ இருக்கன்னு வச்சுக்கிடுதேன். எனக்குப் பயமாத்தாம்ட்டி இருக்கு. நீ பொறந்த அன்னையிலருந்தே பயம்தான். தூங்குற புள்ளைய எழுப்பிராம, மூச்சு வருதான்னு உன் மூக்குகிட்ட விரலை வச்சு வச்சுப் பாப்பேன். ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவைன்னு கணக்கே கிடையாது. ஒவ்வொரு தடவையும் வெதுவெதுன்னு வந்து விரல்ல பட்டுச்சு. ஒரு தடவை கூட நீ என்னைய ஏமாத்தல. அதுக்கு நான் உனக்கு தேங்க்ஸ் சொல்லவே இல்ல கண்ணு. இப்ப சொல்லுதேன்.”