பதினேழாம் அறைக்குள் ஒரு விற்பனையாளர்

கோவையில், வீட்டுச் சாமான்களை வாடகை அறைகளில் வைத்துக்கொள்ளும் கிடங்கு ஒன்றில் செங்கமலம் சாவிக்காரி. பூட்டுகளைப் போனிலேயே திறக்கும் சாஃப்ட்வேரைக் கிடங்குக்கு விற்க வந்தவர், பதினேழாம் அறையில் மாதிரிப் பூட்டை மாட்டினார். அதன் அவசரச் சாவியை அவளிடம் அலட்சியமாக நீட்டினார்.

"எல்லாம் போன்லயே திறக்கும். இந்தம்மாவை வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றார் முதலாளியிடம்.

முதலாளியும் தலையாட்டினார்.

"உள்ளே நின்னு திறந்து காட்டுங்க சார். பார்த்துட்டே போயிடறனுங்க" என்றாள் செங்கமலம் பணிவாக.

விற்பனையாளர் மிடுக்காக உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கதவு தானே பூட்டிக்கொண்டது. தகர அறைக்குள் போனுக்குச் சிக்னல் இல்லை. கதவு படபடவென்று அதிர்ந்தது.

"அம்மா, திறங்கம்மா!"

"நான்தான் வீட்டுக்குப் போயிட்டனுங்களே சார்!"

முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். செங்கமலம் சாவி போட்டுத் திறந்தாள்.

"எதை வாங்கறதுன்னு இனி நீயே சொல்லும்மா" என்றார் முதலாளி.

"விக்க வர்றவங்க எல்லாரும் வரட்டுங்க. ஆளுக்கொரு அறை காலியா இருக்குது!"