இடது மரை

மயிலாத்தாள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவளுக்கு வயது நாற்பத்தாறு. உயிர்வேதியியல், முதலாமாண்டு. பாடம் எடுத்த நிலோஃபருக்கு முப்பத்து மூன்று.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் கோயம்புத்தூரில் மோட்டார் பம்புக்கு உதிரிப் பாகம் செய்யும் பட்டறையில் லேத் ஓட்டினாள். பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. மகள் வேலைக்குப் போன மறுமாதம் விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டாள்.

முதல் பருவத்தில் ‘உயிர் மூலக்கூறுகளின் அமைப்பு’ என்று ஒரு பாடம். சர்க்கரை, கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எந்த அணு எதோடு சேர்ந்து, எப்படி மடிந்து, என்ன உருவத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லும் பாடம். முதல் தேர்வில் அவளுக்கு ஐம்பதுக்குப் பதினொன்று. விடைத்தாளை நாலாக மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டாள். 

அன்று வகுப்பில் டி.என்.ஏ.

“ரெண்டு இழை, நடுவுல படிகள்” என்றார் நிலோஃபர். “ஒரு ஏணியை முறுக்கினா எப்படி இருக்கும், அப்படி. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய பத்துப் படி. ஒரு சுற்றுல ஏறுற உயரத்துக்குப் பேரு பிட்ச்.”

மயிலாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு மாதமாக அந்த வகுப்பில் விழுந்த சொற்களில் பட்டறையில் பழகிய, அவளுக்குச் சொந்தமான முதல் சொல் அது.

“மேடம், மரை எந்தப் பக்கமுங்க?”

“மரையா?”

“ஸ்குரூல இருக்குமில்லீங்க, அந்த மரை. இது வலது மரையா, இடது மரையாங்க?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நிலோஃபர் சிரிக்கவில்லை.

“வலது.”

மயிலாத்தாள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “அப்படீன்னா வாசல்ல நிக்கிறது தப்புங்களே.”

சிரிப்பு நின்றுவிட்டது.

துறையின் வாசலில் ஏழடி உயர டி.என்.ஏ. மாதிரி ஒன்று நின்றது. அலுமினியக் குழாய், நடுவில் ஒரு கம்பி, வண்ணப் பந்துகள் கோத்த இருபது படிகள். பதினோரு வருடத்துக்கு முன் மாணவியாக இருந்த நிலோஃபர் செய்தது. துறையின் கையேட்டு அட்டையில் அதன் படம்தான். புதிதாகச் சேர்கிறவர்கள் பெற்றோரோடு அதன் பக்கத்தில் நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள்.

நிலோஃபர் சுண்ணக்கட்டியை வைத்தார். “எல்லாரும் வாங்க.”

முப்பது பேரும் மாதிரியைச் சுற்றி நின்றார்கள். நிலோஃபர் வலது கையின் கட்டைவிரலை மேலே உயர்த்தி, மற்ற விரல்களை மடக்கி, குழாயின் போக்கோடு ஒட்டிப் பார்த்தார். ஒட்டவில்லை. இடது கையை வைத்தார். விரல்கள் குழாயோடு அப்படியே சுற்றிக்கொண்டு ஏறின.

கையை எடுத்துவிட்டு மயிலாத்தாள் பக்கம் திரும்பினார்.

“அம்மா சொல்றது சரி” என்றார்.

“தலைகீழா நிக்க வெச்சிரலாம் மேடம்” என்றான் ஒரு பையன்.

“நட்டைக் கவுத்துப் போட்டா மரை மாறுமா தம்பி?” என்றாள் மயிலாத்தாள். சொன்ன பிறகுதான் வாய் துடுக்கு என்று தோன்றியது.

சத்தம் கேட்டுத் துறைத் தலைவர் கனகசபாபதி வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

“வெள்ளிக்கிழமை வெள்ளி விழா. பெங்களூர்ல இருந்து விஞ்ஞானி வர்றார். இப்போ போய் இதைத் தொடணுமா? இடது பக்கம் திருகுற டி.என்.ஏ.வும் உண்டே. அதுதான் இதுன்னு சொல்லிட்டாப் போச்சு.”

“அதுல ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு படி சார். நான் பத்துதான் வெச்சிருக்கேன். வலதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன்.”

“அதை யாரு எண்ணப் போறாங்க? உங்க வேலை நிரந்தரமாகுற கோப்பு இன்னும் மேசையிலதான் இருக்கு, நிலோஃபர். யோசிச்சுக்கோங்க.”

அவர் உள்ளே போய்விட்டார்.

மயிலாத்தாள் டிபன் பையைத் திறக்காமலே எழுந்தாள். மதியம் நிலோஃபரின் அறைக்குப் போய் வாசலிலேயே நின்றாள்.

“மேடம், நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கோணும். பதினோரு மார்க் வாங்குனவ, உங்க வேலையில குத்தம் சொல்லிப்போட்டேன்.”

நிலோஃபர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

“உங்க பட்டறையில தப்பா மரை வெட்டின ஷாஃப்ட் வந்தா என்ன செய்வீங்க?”

“தனியா எடுத்து வெச்சிருவமுங்க. வெளிய அனுப்ப மாட்டம்.”

“ஏன்? பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கும்?”

“வலது நட்டு அதுல ஏறாதுங்களே.”

“டி.என்.ஏ.வைப் படிக்க வர்ற புரதமும் அப்படித்தான். திருகு மாறினா வந்து உட்காராது.” என்றார் நிலோஃபர். “சரி, தப்பா வெட்டினது முதலாளியாவே இருந்தா?”

மயிலாத்தாள் யோசித்தாள்.

“வெட்டுனது முதலாளியா, கூலியாளான்னு நட்டுக்குத் தெரியாதுங்களே.”

நிலோஃபர் எழுந்து ஆய்வகத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு ஸ்பேனர் இருந்தது. மயிலாத்தாள் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

“நீங்க சொல்லுங்க. நான் கழட்டுறேன்.”

நான்கு நாள் வேலை நடந்தது. கழற்றிய முதல் படி தரையில் விழுந்து உருண்டபோது நிலோஃபரின் முகம் ஒரு நொடி சுருங்கியதை மயிலாத்தாள் பார்த்தாள். அடுத்த படிக்கு அவரே ஸ்பேனரை வைத்தார்.

மயிலாத்தாள் ஒரு தகரத் துண்டை, சுற்றில் பத்தில் ஒரு பங்கான முப்பத்தாறு டிகிரிக்கு வெட்டி வந்தாள். ஒவ்வொரு படிக்கும் அதை வைத்துத்தான் அடுத்த படி திருப்பப்பட்டது. “போதுமுங்க மேடம், இறுக்குங்க. இல்லீங்க, ஒரு நூலளவு அந்தப் பக்கம் போயிருச்சு” என்று அவள் சொல்ல, வாத்தியார் நட்டைத் தளர்த்தி மறுபடி வைத்தார். சிரித்த பையன்கள் பந்துகளைத் துடைத்துக் கொடுத்தார்கள். எந்த நிறத்துக்கு எதிரே எந்த நிறம் என்று அவர்கள் ஏட்டைப் பார்த்துச் சொன்னார்கள். இரண்டாம் நாள் அவள் பார்க்காமலே சொன்னாள்.

பக்கக் குழாய்களை வளைக்கப் பழைய பட்டறைக்கே கொண்டுபோனாள்.

“என்னக்கா இது? கோயில் தோரணமா?” என்று கேட்டார் அவளோடு பத்து வருடம் வேலை பார்த்த ஃபிட்டர் ஆறுச்சாமி.

“உனக்குள்ள இருக்கிறதுதான்” என்றாள் மயிலாத்தாள். “எனக்குள்ளயும் இருக்குது. எல்லாருக்கும் ஒரே பக்கம்தான் திருகும். மேடம் சொல்லிக் குடுத்தாங்க.”

ஆறுச்சாமி மெஷினை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார். பக்கத்து மெஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன. கரும்பலகை இல்லாததால் அவள் சுவரில் கரித்துண்டால் வரைந்து காட்டினாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மாதிரி வாசலில் நின்றது. இழைகள் இடப்பக்கம் கீழிருந்து வலப்பக்கம் மேலாக ஏறின. கனகசபாபதி வந்து பார்த்தார். சுற்றி வந்து மறுபடி பார்த்தார். விருந்தினரை அழைக்கப் போனார்.

பெங்களூர் விஞ்ஞானிக்கு எழுபது வயதிருக்கும். உள்ளே போகிற வேகத்தில் மாதிரியைக் கடந்தவர், நின்று திரும்பி வந்தார். வலது கைக் கட்டைவிரலை உயர்த்தினார். விரல்களை மடக்கினார். முகம் மலர்ந்துவிட்டது.

“நிறைய இடத்துல தப்பாத்தான் வெச்சிருக்காங்க. சொன்னா கோபம் வருது. இதைச் செஞ்சது யாரு?”

கனகசபாபதி நிலோஃபரைப் பார்த்தார். நிலோஃபர் ஒதுங்கி, பின்னால் நின்ற மயிலாத்தாளுக்கு வழி விட்டார்.

“இவங்க சார்.”

“எங்கே கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டார் விஞ்ஞானி.

“இருபத்திரண்டு வருசம் லேத்துலங்க. அப்புறம் ரெண்டு மாசம் மேடத்துக்கிட்டங்க.”

அவர் கைகூப்பினார். மயிலாத்தாளும் கைகூப்பினாள். இரண்டு மாதமாக வகுப்பில் சேலை மடிப்பில் மறைத்து வைத்திருந்த காய்ப்பேறிய கைகள் அவை.

எல்லாரும் உள்ளே போனார்கள். வாசல் காலியானது. அப்போதுதான் மாதிரியின் அடியில் ஒட்டியிருந்த சிறு அட்டையைப் பார்த்தாள். நிலோஃபரின் கையெழுத்து.

‘டி.என்.ஏ. வலப்பக்கச் சுருள். உருவாக்கியவர்: மயிலாத்தாள், மாணவி, முதலாமாண்டு.’

இரண்டு தரம் படித்தாள். மூன்றாம் தரம் படிக்கும்போது எழுத்து கலங்கியது. கூட்டத்துக்குள் நுழையப் போன நிலோஃபரை ஓடிப்போய் நிறுத்தி, மாதிரியருகே அழைத்து வந்தாள்.

“மேடம், மொதல்ல செஞ்சது நீங்க. இருபது படியும் மறுபடி கழட்டி மாட்டுனது நீங்க. இதுல உங்க பேரே இல்லீங்களே!”

நிலோஃபர் குனிந்து அட்டையை நிதானமாகப் படித்தார்.

“இருக்குதே” என்றார். “மாணவின்னு போட்டிருக்கேன், பாருங்க. யாரோட மாணவி?”