வேங்கைக்கு விஷம் வைத்த கை

செங்காட்டூர் ஜமீன்தார் வேங்கை என்றொரு வேட்டைநாய் வளர்த்தார். வெள்ளைக்காரத் துரைக்கு வைத்த விருந்தில், வெங்காயமும் பூண்டும் மிளகாயும் சேர்த்துப் பொரித்த சாசேஜ் என்னும் இறைச்சிக் குழலை அதற்கு அள்ளி அள்ளிக் கொடுத்தார். பிறகு வேங்கை வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தது.

நாயைப் பராமரிக்கும் ஒச்சனைக் ஜமீன் அலுவலகமான கச்சேரிக்கு இழுத்து வந்தார்கள். ஜமீன்தார் சவுக்கும் கையுமாக நின்றார்.

“விஷம் வைத்தவனை இப்போதே காட்டு! இல்லையென்றால் உன் தோல் உரியும்.”

ஒச்சன் யோசித்தான். எவன் பெயரைச் சொன்னாலும் ஓர் ஏழையின் முதுகல்லவா கிழியும்? கைகட்டிச் சொன்னான்:

“காட்டிடலாம் சாமி. ஆனா எசமான் கையைத் தவிர வேற யார் கையிலயும் வாய் வைக்காதபடி பழக்கணும்னு உங்க உத்தரவு. நான் ஆக்குற சோத்தைக்கூட நீங்க எடுத்துக் கொடுத்தாத்தான் திங்கும். அந்தக் கையை நான் எப்படிச் சாமி காட்டுறது?”

ஜமீன்தார் தம் வலக்கையைப் பார்த்தார். சவுக்கு நழுவியது.

“பொழைக்குமாடா?”

“காரம் மசாலா வேண்டாம் சாமி. வெறுங்கஞ்சி போதும். அதையும் நீங்கதான் ஊட்டணும்.”

ஜமீன்தார் நாய்க்கொட்டடித் தரையில் உட்கார்ந்து ஊட்டினார். வேங்கையும் பிழைத்தது, ஒச்சன் முதுகும் பிழைத்தது.